பெட்டிக்குள் பிஞ்சு, வெளியே குடும்பம்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நாம் முதலில் விசாரிப்பது, "ஆணா, பெண்ணா?" என்பது. அடுத்து விசாரிப்பது, "தாயும் சேயும் நலமா?" என்பது. இந்த இரண்டாவது கேள்விக்கு நேரான மறுமொழி சொல்ல இயலாத குடும்பங்களும் நம் பங்குகளில் உண்டு. "குழந்தையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கேட்டவருக்கும் மேற்கொண்டு என்ன கேட்பதென்று தெரியாது. வழங்குவதற்காக வாங்கி வைத்த கற்கண்டு, பொட்டலம் பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கும்.

அந்த நாட்களில் குடும்பம் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. அறுவை செய்யப்பட்ட தாய் பிரசவ வார்டில்; சேய் வேறொரு கட்டடத்தின் மாடியில்; தந்தையோ யாரிடம் எதைக் கேட்பதென்று தெரியாமல் தாழ்வாரத்தில். மருத்துவர் நோயைப் பார்க்கிறார். கருவி மூச்சைப் பார்க்கிறது. பிரிந்து கிடக்கும் இம்மூவரையும் மீண்டும் ஒரு குடும்பமாகச் சேர்த்துவைக்கும் வேலை யாருடையது? எந்த ஏட்டிலும் அது தெளிவாக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் அந்த வேலையைத் தம் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு செவிலியரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். பெயர் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஊரையும் மருத்துவமனையையும் அதனால் குறிப்பிடவில்லை. கடலோர மாவட்டம் ஒன்றின் தலைமை அரசு மருத்துவமனை என்று சொன்னால் போதும்.

எல்லோரும் அவரை 'சிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். நம் வாசகர்கள் உடனே துறவற சபைக் கன்னியர் ஒருவரை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டாம். அவர் இந்து சமயத்தைச் சேர்ந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலேயே பணிபுரிபவர். சங்க நூல்களில் தலைவியை வளர்த்த தாய்க்குச் 'செவிலி' என்று பெயர். மருத்துவமனைப் பணியாளருக்கு அச்சொல்லை எடுத்து வழங்கியவர்கள் பொருள் தெரிந்தே வழங்கினார்கள் என்று இவரைப் பார்த்தபோது நமக்குத் தோன்றியது. எல்லாச் செவிலியரும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆள் குறைவு, வேலைச் சுமை, இரவுப் பணி ஆகியவற்றால் சினந்து பேசுவோரும் உண்டு. அவர்களிடம் ஏச்சு வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் நல்லதையும் எடுத்துச் சொல்ல வேண்டுமன்றோ?

நாம் அறிந்த குடும்பம் ஒரு மீனவக் குடும்பம். மணமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பின் தரித்த கரு. எட்டாம் மாதம் தொடங்கிய சில நாட்களில் தாய்க்கு இரத்த அழுத்தம் மிகுந்து, கைகால் வீங்கி, கண் இருண்டது. மருத்துவர்கள் தாயைக் காப்பாற்றும் பொருட்டு உடனே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கருவில் நிறைந்தது 31 வாரம். எடை 1250 கிராம். நிறைமாதக் குழந்தையின் எடையில் பாதிகூட இல்லை. தந்தை அப்போது ஆழ்கடலில் இருந்தார். கரையிலிருந்து செய்தி போய் அவர் திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. உடனிருந்தவர் கணவரின் தாயார் ஒருவரே.

அந்த அம்மையார் வார்டு வாசலில் நின்று சொன்ன முதல் சொல், "ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்பது. நம் ஊர்களில் வழிவழியாக வழங்கும் நம்பிக்கை இது. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே கருத்து காணப்படுகிறது. ஆனால் உண்மை நேர்மாறானது. கருவில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. செவிலியர் அந்த அம்மையாருடன் வாதிடவில்லை. "பெரியம்மா, உங்கள் பேத்திக்கு முப்பத்தொரு வாரம். உள்ளே இருபத்தெட்டு வாரத்துப் பிள்ளை ஒன்று இருக்கிறது. அது நேற்று அழுதது. அதன் பாட்டி உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள்" என்றார். பக்கத்தில் இருந்த மூதாட்டி தலையசைத்தார்.

குறைமாதக் குழந்தைக்கு முதல் இடர் மூச்சு. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளாதிருக்க, அவற்றின் உட்புறத்தில் வழவழப்பான ஒரு பூச்சை உடல் சுரக்கிறது. கருவில் ஏறத்தாழ 34 வாரம் ஆகும்போதுதான் அது போதிய அளவுக்கு வருகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தை, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிய பலூனைப் புதிதாக ஊதித் திறப்பதைப் போலப் பாடுபடுகிறது. சற்று நேரத்தில் களைத்துவிடுகிறது.

இந்நோய் எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதற்கு 1963ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சான்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடிக்கு அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் பாட்ரிக் என்ற மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தவன். எடை ஏறக்குறைய 2 கிலோ 100 கிராம். கத்தோலிக்கக் குடும்பமாகையால் குருவானவர் உடனே ஞானஸ்நானம் கொடுத்தார். பாஸ்டன் நகரின் பெரிய குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். உலகின் மிகுந்த அதிகாரமுடைய தந்தையால் மகனுக்கு மூச்சு வாங்கித்தர முடியவில்லை. 39 மணி நேரம் வாழ்ந்து அக்குழந்தை இறந்தது. அறுவைக்குப் பின் வேறு மருத்துவமனையில் கிடந்த தாய் இறுதிச் சடங்குக்கும் வர இயலவில்லை. அக்குறையின் காரணத்தை மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் 1959இலேயே கண்டறிந்திருந்தார். ஆனால் மருந்து வரவில்லை. ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா 1980இல் அந்தப் பூச்சை மருந்தாக மூச்சுக்குழல் வழியே செலுத்திக் குழந்தைகளைக் காக்கலாம் என்று காட்டினார். அன்று குடியரசுத் தலைவரின் மகனுக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் மீனவப் பெண்ணின் மகளுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைத்தது. நன்றியுடன் நினைக்க வேண்டிய செய்தி இது.

மருந்து கொடுத்தும், மூக்கின் வழியே காற்றழுத்தம் கொடுக்கும் கருவியை மாட்டியும், இரண்டாம் இரவு குழந்தையின் நிலை மோசமாயிற்று. மூச்சு அடிக்கடி நின்றது. உடல் நீலம் பாய்ந்தது. மருத்துவர் அருகிலேயே இருந்தார். நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில் செவிலியர் பிரசவ வார்டுக்கு இறங்கி வந்து தாயின் கட்டிலருகே அமர்ந்தார். அவர் சொன்னதைத் தாய் நமக்கு அப்படியே திருப்பிச் சொன்னார்:

"தங்கச்சி, உன் மகள் மிகவும் களைத்திருக்கிறாள். நாங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம். இந்த இரவு கடினமான இரவு. உங்கள் வழக்கப்படி குழந்தைக்குச் செய்ய வேண்டியது ஏதேனும் இருந்தால் இப்போதே சொல். காலைவரை வைக்க வேண்டாம்."

"ஒன்றும் ஆகாது" என்று அவர் சொல்லவில்லை. "எல்லாம் கடவுள் விட்ட வழி" என்று சொல்லி எழுந்து போகவுமில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே அமர்ந்திருந்தார்.

தாய், "ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும்" என்றார். பங்குத் தந்தை இருக்கும் ஊர் இருபது மைல் தொலைவு. தாயால் எழுந்திருக்க முடியாது. மாமியாரை மேலே அழைத்துச் சென்றார்கள். கைகழுவச் செய்து, மேலங்கி அணிவித்து, பெட்டியருகே நிறுத்தினார்கள். அவருடைய கை நடுங்கிய நடுக்கத்தில் குழந்தையின் குழாய்கள் கழன்றுவிடும் போலிருந்தது. "நீங்களே ஊற்றுங்கள் சிஸ்டர், நான் மந்திரத்தைச் சொல்லுகிறேன்" என்றார். செவிலியர் மறுபடியும் கீழே ஓடிவந்து, "அப்படிச் செய்யலாமா?" என்று தாயிடம் கேட்டார். மறைக்கல்வி வகுப்பில் படித்தது தாய்க்கு நினைவிருந்தது. "கூடாது. ஊற்றுகிறவரே சொல்லவும் வேண்டும்" என்றார். "அப்படியானால் நானே இரண்டையும் செய்கிறேன், சொல்லிக்கொடு" என்று செவிலியர் ஒரு துண்டுத்தாளில் அச்சொற்களை எழுதிக்கொண்டார். "பெயர்?" என்றார். அந்தப் பெட்டியின் மேல் அதுவரை எழுதியிருந்தது 'இன்னாருடைய குழந்தை' என்பது மட்டுமே. தாய் ஒரு பெயர் சொன்னார்.

சாதாரணத் தண்ணீரின் குளிர்ச்சியே அவ்வளவு சிறிய உடலுக்குத் தீங்கு செய்யும். ஆகையால் தூய நீரை வெதுவெதுப்பாக்கி ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொண்டார். பாட்டி சாட்சியாக நிற்க, பெயரைச் சொல்லி, மூவொரு கடவுளை அழைத்து, தலையில் மூன்று முறை நீர் ஓடும்படி சிறிது சிறிதாக ஊற்றினார். உடனே பஞ்சினால் ஒற்றி எடுத்து வெப்ப விளக்கின் கீழ் தலையை உலர்த்தினார். மணி 2.40.

இது செல்லுமா என்று வாசகரில் சிலர் ஐயுறலாம். ஐயமே வேண்டாம். மரண ஆபத்திலிருக்கும் குழந்தைக்குத் தாமதமின்றி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. குருவோ திருத்தொண்டரோ கிடைக்காத அவசர வேளையில், உரிய கருத்து உடைய எவரும் கொடுக்கலாம் என்பதும் அச்சட்டமே. அவர் ஞானஸ்நானம் பெறாதவராயினும் தடையில்லை. திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்து இருந்தால் போதும். பெற்ற தாய் தந்தையரே கொடுக்கலாம். நம் வீடுகளில் திருமண ஆயத்தத்தின்போது ஒருமுறை கேட்டு மறந்துவிடும் செய்தி இது. மறக்கக்கூடாத செய்தி.

விடியும்போது குழந்தை உயிருடன் இருந்தது. அன்று மாலை தந்தை கரையிறங்கி, உப்புக் காய்ந்த சட்டையுடன் நேரே மருத்துவமனைக்கு வந்தார். குழந்தையைப் பார்க்குமுன் அவர் கேட்டது பணத்தைப் பற்றி. படகின் இயந்திரத்தை விற்றுப் பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போகலாமா என்று உறவினர் இருவர் அவரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார்கள். செவிலியர் அவரைத் தாழ்வாரத்தில் நிற்கவிடாமல் உள்ளே அழைத்துச் சென்றார். "தம்பி, முதலில் மகளைப் பாருங்கள். பிறகு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். அங்கே கிடைத்து இங்கே கிடைக்காதது என்ன என்று அவரிடமே கேளுங்கள். அதற்குப் பிறகு இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்" என்றார். மருத்துவர் கால்மணி நேரம் ஒதுக்கிப் பேசினார். இந்த நிலையில் குழந்தையை வண்டியில் ஏற்றுவதே ஆபத்து என்பது தந்தைக்கு விளங்கியது. நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து யாவும் கட்டணமின்றித் தரும் நடுவண் அரசுத் திட்டம் 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. அச்சத்தில் இருப்பவனுக்கு இதை யாராவது வாய் திறந்து சொன்னால்தானே தெரியும்? இயந்திரம் படகிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் தாயைச் சக்கர நாற்காலியில் மேலே கொண்டுவந்தார்கள். கண்ணாடிக்குள் கிடந்த உருவத்தைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வரவில்லை, அச்சம்தான் வந்தது. "என் பிள்ளை என்றே தோன்றவில்லை" என்று அவர் பின்னாளில் நம்மிடம் ஒளிக்காமல் சொன்னார். இப்படித் தோன்றுவது அரிதன்று என்றும், அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தாய்மார் உள்ளுக்குள் நொறுங்குகிறார்கள் என்றும் செவிலியர் விளக்கினார். அவர் தாயின் கையைச் சோப்பிட்டுக் கழுவச் செய்து, பெட்டியின் பக்கத் துளை வழியே விட்டு, குழந்தையின் தலையில் ஒரு கையும் பாதத்தில் ஒரு கையுமாக அசையாமல் வைத்திருக்கச் சொன்னார். தடவக்கூடாது, தோல் அவ்வளவு மெல்லியது. சும்மா வைத்திருந்தால் போதும். சிறிது நேரத்தில் குழந்தை கைகளை மடக்கி அமைதியாயிற்று. கருவியில் இதயத் துடிப்பின் எண் இறங்கி நிலைப்பட்டதைச் செவிலியர் சுட்டிக்காட்டினார். "பார், உன்னைத் தெரிகிறது."

அன்றே பால் கறக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் கிடைத்தது சில துளிச் சீம்பால். 'இதற்காகவா இவ்வளவு பாடு' என்று மாமியார் முகம் சுளித்தபோது, அச்சில துளிகளே குழந்தைக்கு முதல் மருந்து என்று செவிலியர் சொன்னார். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் ஒத்து நடக்க 34 வாரமளவில் ஆகவேண்டும். அதுவரை மெல்லிய குழாய் வழியே பால், பிறகு பாலாடை. நம் பாட்டிமார் கையாண்ட அந்தச் சிறு பாலாடைதான், அதே தமிழ்ப் பெயருடன், இன்று பச்சிளங்குழந்தை மருத்துவத்தின் ஆங்கில நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. இதை அறிந்தபோது மாமியாருக்கு ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லி முடியாது. பாலாடை பிடிக்கும் முறையை வார்டிலிருந்த மற்ற இளந்தாய்மாருக்கு அவரே காட்டிக்கொடுக்கலானார்.

ஆயினும் அதற்குமுன் ஒரு சங்கடம் இருந்தது. பார்க்க வந்த உறவினர் கூட்டத்தில் ஒருத்தி, "கிரகணத்தன்று வெளியே போனாளாமே" என்றாள். இன்னொருத்தி பப்பாளிப் பழத்தைச் சொன்னாள். மாமியாரும் மறுக்கவில்லை. கட்டிலில் கிடந்த தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி போட வந்திருந்த செவிலியர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழ, "இரத்த அழுத்தம் ஏறியது, அதனால் பிள்ளையை முன்னதாக எடுத்தோம். இந்தப் பெண் செய்த தப்பு எதுவும் இல்லை. குறித்த நாளில் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள், குறித்த நாளில் பரிசோதனைக்கு வந்திருக்கிறாள், அட்டையில் எழுதியிருக்கிறது" என்று அட்டையை எடுத்துக் காட்டினார். இவ்விரண்டு நிமிடப் பேச்சு பல மருந்துக்குச் சமம் என்று நாம் கருதுகிறோம். குழந்தையின் நோய்க்குத் தாயைக் குற்றவாளியாக்கும் வழக்கம், செபமாலை சொல்லும் நம் வீடுகளையும் விட்டபாடில்லை.

குழந்தையின் மூச்சு ஒருவாறு சீரானதும் 'கங்காரு முறை' தொடங்கியது. துணியில்லாத குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் இரு தனங்களுக்கிடையே நிமிர்த்திப் படுக்கவைத்து, துணியால் சேர்த்துக் கட்டுவது. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில் 1978ஆம் ஆண்டு இது பிறந்தது. அங்கே ஏழைகளின் பிரசவ மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகளை வைத்ததால் நோய் தொற்றியது. எட்கார் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர், பெட்டிக்கு மாற்றாகத் தாயின் மார்பையே வைத்தார். ஏழ்மையில் தோன்றிய இம்முறையைச் செல்வ நாடுகள் பின்னர் ஏற்றுக்கொண்டன. குழந்தை சீரானபின் தொடங்குவதைவிடப் பிறந்தவுடனே தொடங்குவதே நன்று என்பதை இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக நலவாழ்வு நிறுவனம் நடத்திய ஆய்வு 2021இல் காட்டியது. உடனே தொடங்கிய குழுவில் முதல் 28 நாட்களில் இறந்த குழந்தைகள் 100க்கு 12. வழக்கம்போல் பிந்தித் தொடங்கிய குழுவில் ஏறத்தாழ 16. வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்னதாக நிறுத்திவிட்டார்கள். நம் மருத்துவமனைகளில் இடவசதியும் ஆள்வசதியும் அந்த அளவுக்கு எங்கும் வந்துவிடவில்லை.

இதைத் தாய்தான் செய்ய வேண்டுமென்பதில்லை. தந்தையும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். பெற்றோரை வார்டுக்குள் அனுமதித்து, பயிற்சி கொடுத்து, குழந்தையின் பராமரிப்பில் பங்கெடுக்கச் செய்வதற்கான வழிகாட்டு நெறிகளை நடுவண் நலவாழ்வு அமைச்சகம் 2017இல் வெளியிட்டிருக்கிறது. நம் செவிலியர் அதற்கு முன்பே ஓசையின்றி இதைச் செய்து வந்தவர். தந்தை சட்டையைக் கழற்றி நாற்காலியில் சாய்ந்து மகளை மார்பில் ஏந்திய முதல் நாள் இரண்டு மணி நேரம் அசையவேயில்லையாம். கால் மரத்துப்போய் எழ முடியாமல் இருவர் தூக்கிவிட்டார்கள் என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார். அலை அடிக்கும் படகில் நின்று வலை இழுக்கும் மனிதர் அவர்! 'எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது' என்ற மாமியாரும் மாலைதோறும் ஒரு மணி நேரம் பேத்தியை மார்பில் கட்டிக்கொண்டு, வாய்க்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

வழி நேராக இருக்கவில்லை. ஒன்பதாம் நாள் நோய்த்தொற்று ஏற்பட்டுப் பாலை நிறுத்தினார்கள். எடை மறுபடியும் குறைந்தது. அந்நாட்களில் செவிலியர் தந்தைக்குச் சொன்ன முறையைக் குறிப்பிட வேண்டும். 'பிழைக்குமா' என்ற கேள்விக்கு அவர் ஒருபோதும் ஆம், இல்லை என்று விடை சொன்னதில்லை. "இன்று காலை இப்படி இருக்கிறது. மாலையில் இதைப் பார்க்கப் போகிறோம். மாலையில் நானே வந்து சொல்லுகிறேன்" என்பார். வந்து சொல்லவும் செய்வார்; பணி முடிந்த நாளில் அடுத்த பணிக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போவார். சொன்ன நேரத்தில் ஒருவர் வந்து நிற்பதே பெரிய ஆறுதல் என்பதைக் காத்திருந்தவர்கள் அறிவார்கள்.

41ஆம் நாள் குழந்தை 1900 கிராம் எடையுடன் வீடு சென்றது. போகும்போது செவிலியர் மறவாமல் வற்புறுத்திய ஒன்று கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும், விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறித்துவிடும் நோய் வரக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்த 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை செய்துவிட வேண்டும். பிறகு மருத்துவர் போதும் என்னும்வரை குறித்த நாட்களில் போகவேண்டும். இக்குழந்தைக்கு முதல் பரிசோதனை வார்டிலேயே நடந்துவிட்டது. எஞ்சியவற்றுக்கான தேதிகளைச் செவிலியர் தந்தையின் கைபேசியில் தாமே பதிந்து கொடுத்தார்.

மூன்றாம் மாதம் குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். ஞானஸ்நானம் ஒருமுறைதான், ஆகையால் பங்குத் தந்தை நீர் ஊற்றவில்லை. விடுபட்ட சடங்குகளை மட்டும் நிறைவேற்றினார். எண்ணெய் பூசி, வெள்ளாடை அணிவித்து, மெழுகுதிரி ஏற்றி, ஞானப் பெற்றோரை நிறுத்தினார். அன்றிரவு செவிலியர் எழுதிய துண்டுத்தாளில் தேதியும் மணியும் கையொப்பமும் இருந்தன. பங்குப் பதிவேட்டில் ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. அதைக் காட்டியபோது பங்குத் தந்தை விளக்கம் எதுவும் சொல்லவில்லை. விரலை அந்த வரியின் கீழ் வைத்துக் காட்டினார், அவ்வளவே.

"உங்கள் வழக்கப்படி செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?" என்று நோய் கடுமையான ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரிடமும் கேட்கும் வழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்று வினவினோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு வேறொரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். இதற்கு முந்திய ஆண்டில் நடந்தது. நிறைமாதக் குழந்தை, ஆனால் இதயம் சரியாக அமையாமல் பிறந்தது. பதினோரு மணி நேரமே வாழ்ந்தது. அவர்களும் கத்தோலிக்கர். குருவானவர் மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்க முடியும் என்றெண்ணித் தந்தை அவரை அழைத்துவரப் போயிருந்தார். அவர்கள் வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. செவிலியரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததை அவர் தாமாகச் செய்வதுமில்லை; அதுவே முறை என்பது நம் கருத்தும்.

குழந்தையின் பாட்டனார் துணியில் சுற்றி இரவோடிரவாகப் புதைத்துவிடலாம் என்றார். தாய் பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்க முடியாது என்றார்கள் பெண்கள். செவிலியர் தாயிடமே சென்று, "பார்க்க விரும்புகிறாயா?" என்று கேட்டார். தாய் விரும்பினார். குழாய்களை அகற்றி, வெந்நீரில் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சட்டையை அணிவித்து, திரையை இழுத்து மறைத்து, குழந்தையைத் தாயின் மடியில் வைத்தார். ஒரு மணி நேரம் எவரையும் உள்ளே விடவில்லை. இதைச் சொல்லும்போதுதான் செவிலியரின் குரல் தடுமாறியது.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் செபமின்றிப் புதைத்த காலம் ஒன்று இருந்தது. பாட்டனார் நினைவில் இருந்தது அந்தக் காலம். இன்றைய சட்டம் அப்படி இல்லை. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்த குழந்தை அதற்குமுன் இறந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் அடக்கச் சடங்கை நிறைவேற்றலாம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. லிம்போ என்று முன்னோர் சொல்லிவந்த இடத்தைப் பற்றிய அச்சமும் வேண்டாம். அது விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்பட்டதில்லை. அக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று அனைத்துலக இறையியல் ஆணையம் எழுதிய ஏடு, திருத்தந்தை 16ஆம் பெனடிக்டின் ஒப்புதலோடு 2007இல் வெளிவந்தது. தாமதமாக வந்து சேர்ந்த குருவானவர் இவற்றையெல்லாம் தாழ்வாரத்திலேயே பாட்டனாருக்கு எடுத்துச் சொன்னாராம். மறுநாள் பகலில், கோயில் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தார் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

இன்னொன்றையும் செவிலியர் சொன்னார். இதை நம் பெண்மணிகள் குறித்துக்கொள்வது நலம். குழந்தை இறந்ததை உடல் அறியாது. மூன்றாம் நாள் தாய்க்குப் பால் சுரந்து மார்பு கட்டிக்கொண்டது. வலியைவிட, யாருக்காகச் சுரக்கிறது என்ற நினைவே அவரை வதைத்தது. வீட்டார் யாரும் இதை எண்ணிப் பார்க்கவில்லை. செவிலியர் இதை முன்னமே சொல்லி அனுப்பியிருந்தார்: இறுக்கமின்றித் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த ஈரத்துணி, வலி பொறுக்காதபோது மட்டும் சிறிதளவு கறந்துவிடல், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் வருதல். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். அதனால் பால் சுரப்பு வற்றுகிறது என்பதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டிருக்கிறார்கள். துக்க வீட்டில் பூவைப் பற்றி யார் பேசுவது? அந்தப் பெண்ணின் அத்தை பேசினார். தாமே கடைத்தெருவுக்குப் போய் வாங்கியும் வந்தார்.

பங்குமக்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்று கடைசியாகக் கேட்டோம். பெரிய உதவிகளை அவர் கேட்கவில்லை. கூட்டமாக வந்து வாசலை அடைக்க வேண்டாம். இருமல் சளியுடன் வர வேண்டாம். தந்தையின் கைபேசியில் மணிக்கொருமுறை அழைத்து 'எப்படி இருக்கிறது' என்று கேட்க வேண்டாம். இறந்துபோன பிள்ளைகளின் கதைகளை ஆறுதல் என்று எண்ணிச் சொல்ல வேண்டாம். வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே கிடக்கும் தாய்க்குச் சூடான சோறு கொண்டுவந்தால் நன்றாயிருக்கும். பால் கொடுப்பவள் பட்டினி கிடக்கிறாள். கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள்.

அந்த மீனவக் குடும்பத்தின் அன்பியத்தில் இதை முன்பே எவரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை மருத்துவமனையில் இருந்த பின்பாதி நாட்களில், முறை வைத்து ஒரு வீட்டார் நாள்தோறும் காலைப் பேருந்தில் தூக்குச்சட்டி அனுப்பினார்கள். பால் ஊறும் என்று பால்சுறாப் புட்டும் வந்தது. வார்டில் மீன் மணம் கிளம்பியதும் மேற்பார்வையாளர் முகம் சுளிக்க, நம் செவிலியர் சன்னலைத் திறந்துவிட்டு, "சாப்பிடு தங்கச்சி, சீக்கிரம் சாப்பிடு, இரண்டு மணிக்குப் பிள்ளைக்குப் பால் வேண்டும்" என்றாராம்.